ஜிங்க் கரைகிறதென்று எர்த்தை வெட்டுகிறவர்களுக்கும், அதைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கும்

மீன்பிடித் துறைமுக நிர்வாகத்துக்கும் விசைப்படகு உரிமையாளர் சங்கத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் 17 வருடமாகப் படகுகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன். என்ஜின் ரூம் லைட், பேட்டரி, சார்ஜர், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் என்று உங்களில் பாதிப் பேர் படகில் என் கை பட்டிருக்கும். துறைமுகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் ஒன்று, இது ஒரு ஊரோடு முடிகிற கதையும் இல்லை என்பது இன்னொன்று.

ஏப்ரல் 15 வரப்போகிறது. ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கடலுக்குப் போகிற மாதங்களில் நமக்குக் கரைக் கரண்ட் அவ்வளவாகத் தேவைப்படாது, என்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும். தடைக்காலம் வந்தால்தான் வெல்டிங், கிரைண்டர், டிரில், தண்ணீர் இறைக்கிற பம்ப், பேட்டரி சார்ஜர், ராத்திரி காவலுக்குப் படுக்கிற பையனுக்கு ஒரு ஃபேன் என்று அத்தனையும் ஜெட்டியிலிருந்து, அதாவது படகு கட்டுகிற மேடையிலிருந்து, இழுக்கிறோம். எந்த லட்சணத்தில் இழுக்கிறோம் என்பதற்குப் போன வருடம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

விளக்குக் கம்பத்தின் அடிப்பெட்டிக்கு மூடி இல்லை. உள்ளே ஃபியூஸ் கட்டையில் இரண்டு ஒயரின் செம்பை முறுக்கிச் செருகியிருந்தார்கள், பிளக் என்று ஒன்று கிடையாது. அங்கிருந்து மெல்லிய இரட்டை ஒயர், வீட்டில் டேபிள் ஃபேனுக்குப் போடுவது, முதல் படகின் மேல் ஏறி, இரண்டாவது படகின் வின்ச்சில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் டயர்மேல் உரசிக்கொண்டு போனது. நடுவில் ஒரு ஜாயின்ட். டேப் சுற்றி, அதற்கு மேல் கேரி பேக் சுற்றி, அதற்கு மேல் வலை நூலால் கட்டியிருந்தது. கட்டிய கை நேர்த்தியான கை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை வேறு படகு உள்ளே வந்து அலை கிளம்பும்போதும் அந்த ஜாயின்ட் தண்ணீரில் முங்கி எழுந்துகொண்டிருந்தது. ஆறாவது படகில் ஒருவர் கால் நனைய நின்று கிரைண்டர் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒயரில் இருந்தது இரண்டே கம்பி: பேஸ், நியூட்ரல். எர்த் இல்லை.

எர்த் ஏன் இல்லை என்று கேட்டால் மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ஒரு இரும்புப் படகு ஓனர் என்னிடம் நேராகவே சொன்னார், “தம்பி, எர்த்தை மட்டும் குடுக்காத. குடுத்தா ரெண்டு மாசத்துல ஜிங்க் காலி.” ஜிங்க் என்பது படகின் இரும்பு அரிக்காமல் இருக்க அடியில் கட்டுகிற துத்தநாகக் கட்டி. போன தடைக்காலத்தில் மூன்று கம்பி கேபிள் போட்டுக் கொடுத்த எலெக்ட்ரீஷியனை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.

இந்த மடல் முழுக்க அந்த ஒரு வரிக்கான பதில்தான். அவர் சொன்னது பொய் இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். இதுவரை எல்லோரும், நிர்வாகமும் சேர்த்துத்தான், “எர்த் போடு, எர்த் போடு” என்று போர்டு எழுதி வைத்தீர்களே தவிர, போட்டால் ஜிங்க் ஏன் கரைகிறது, அதற்கு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டவன் என்ன செய்வான்? கட்டிங் பிளையரை எடுப்பான்.

கடல் தண்ணீரில் இரண்டு வேறு உலோகத்தை முக்கி ஒரு ஒயரால் இணைத்தால் அது பேட்டரி. மட்டமான உலோகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும், நாம் ஜிங்க் கட்டி வைப்பதே இதற்காகத்தான். ஒரே அளவுகோலில் வைத்து அளந்தால் கடல் தண்ணீரில் ஜிங்க் மைனஸ் 1 வோல்ட் பக்கம் நிற்கும், சாதாரண இரும்பு மைனஸ் 0.6, வெண்கல புரொப்பல்லர் மைனஸ் 0.3 பக்கம். உங்கள் ஜிங்க் உங்கள் படகை மட்டும் காத்தால் கணக்கு சரி. எர்த் கம்பியைக் கரையோடு இணைத்த நிமிடம், அதே எர்த்தில் இருக்கிற பக்கத்துப் படகின் புரொப்பல்லர், அதற்கடுத்த படகின் ஷாஃப்ட், ஜெட்டியின் இரும்புத் தூண், கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி எல்லாம் உங்கள் ஜிங்க்கோடு சேர்ந்துவிடுகின்றன. பக்கத்துக்காரன் ஜிங்க் மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தால் அவன் படகையும் சேர்த்து உங்கள் ஜிங்க்தான் சுமக்கிறது. ஊருக்கே சோறு போட்டால் பானை சீக்கிரம் காலியாகத்தானே செய்யும்! ஜிங்க் முடிந்த பிறகு அடுத்து கரைவது உங்கள் அடித்தகடு.

சரி, வெட்டிவிட்டால்? ஜிங்க் நிற்கும். இனி சார்ஜரைப் பாருங்கள். உப்புக் காற்றில் இரண்டு சீசன் கிடந்த சார்ஜருக்குள் பேஸ் கம்பி பெட்டியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இருந்தால் அந்த நொடியே பெரிய கரண்ட் ஓடி பிரேக்கர் விழும். எர்த் இல்லையென்றால் பெட்டியிலிருந்து அதைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கிக்கு, அங்கிருந்து என்ஜின் பிளாக்குக்கு, ஷாஃப்ட்டுக்கு, புரொப்பல்லருக்கு, தண்ணீருக்கு. இரண்டு ஆம்பியர், மூன்று ஆம்பியர் என்று கசிந்துகொண்டே இருக்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு, அதாவது அந்த பிரேக்கருக்கு, அது ஒரு பம்ப் ஓடுகிற மாதிரி, ஆகவே விழாது. ஆளைப் பிடித்து உதற 10, 15 மில்லி ஆம்பியர் போதும், பிடித்த கையை விட முடியாது. 30-ஐத் தாண்டி நெஞ்சு வழியாகப் போனால் இதயம் தாளம் தப்பலாம். எம்சிபி கண் திறப்பது அதற்கெல்லாம் எவ்வளவோ மேலே. அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது, ஆளைக் காப்பாற்ற வைத்ததில்லை.

இதைவிட மோசமானது ஸ்லிப்வேயில், படகைக் கரையேற்றுகிற சரிவில். தண்ணீரில் கிடக்கிற படகுக்காவது கசிவு ஓடிப்போக வழி இருக்கிறது. மேலே ஏற்றி மரக்கட்டைமேல் நிறுத்திய இரும்புப் படகுக்கு அதுவும் இல்லை. எர்த்தும் இல்லையென்றால் படகு முழுக்க 230 வோல்ட்டில் சத்தமில்லாமல் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து சுரண்டியை வைக்கிற பெயின்ட் அடிக்கிற ஆள்தான் அதற்கு எர்த்.

இன்னொரு பழக்கம், எர்த் கிடைக்காத இடத்தில் நியூட்ரலையே எர்த்தாகக் கட்டுவது. டெஸ்டரில் பார்த்தால் ஒன்றும் எரியாது, வேலை முடிந்த மாதிரி இருக்கும். எங்கோ கம்பத்தில் நியூட்ரல் அறுந்தது என்றால் உங்கள் படகு அப்படியே பேஸ். வெளிநாட்டு மரினா விதிகளில் சப்ளைக்காரர் நியூட்ரலோடு சேர்த்துத் தருகிற எர்த்தைப் படகுக்குக் கொடுக்கவே கூடாது என்று தனியாக எழுதி வைத்திருப்பது இதனால்தான். தயவுசெய்து இந்தக் குறுக்குவழியை யாரும் இனிமேல் சொல்லிக்கொடுக்காதீர்கள், என் தொழில்காரர்களும் சேர்த்து.

எர்த்தும் வேண்டும், ஜிங்க்கும் நிற்க வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது, புதுசும் இல்லை.

சின்ன வழி, கால்வானிக் ஐசொலேட்டர். கையடக்கப் பெட்டி. உள்ளே இரண்டிரண்டாக டயோடுகள், எதிரும் புதிருமாக. எர்த் கம்பியின் நடுவில் இதைப் போட்டால் சுமார் 1.2 வோல்ட் வரைக்கும் டிசி தாண்டாது. ஜிங்க்குக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருப்பது 0.7 தான், அதனால் ஊர் ஜிங்க் கணக்கு அங்கேயே அறுந்துபோகும். பேஸ் கம்பி பெட்டியைத் தொட்டுப் பெரிய வோல்ட்டேஜ் வந்தால் டயோடு வழி திறந்து கரண்ட் தாராளமாகப் போகும், பிரேக்கர் விழும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: பழுதானால் வழி அடைத்துக்கொள்ளாத வகையாக இருக்க வேண்டும். டயோடு கருகி வழி அறுந்துவிட்டால் எர்த்தை வெட்டியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. லேத் பட்டறையில் டயோடு வாங்கி நானே சாலிடர் பண்ணித் தருகிறேன் என்று யாராவது வந்தால், பேஸ் பெட்டியைத் தொடும்போது ஓடுகிற பெரிய கரண்டில் அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அவரிடம் கேளுங்கள்.

பெரிய வழி, ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். கரைக் கரண்ட் முதல் சுற்றில் வந்து நின்றுவிடும், இரண்டாம் சுற்றில் காந்தம் வழியாகப் புதிதாகக் கரண்ட் பிறக்கும், நடுவே ஒரு நூல் கம்பிகூடத் தொடாது. கரையின் எர்த் படகின் உடம்புக்கு வருவதே இல்லை. இரண்டாம் சுற்றின் ஒரு முனையைப் படகின் உடம்போடு கட்டிவிடுகிறோம், அது படகின் சொந்த நியூட்ரல். படகில் எது கசிந்தாலும் அது திரும்பிப் போக வேண்டிய இடம் படகிலேயே இருக்கிற டிரான்ஸ்பார்மர்தான், ஜெட்டிக்குத் தண்ணீர் வழியாகப் போகக் காரணமே இல்லை. இரும்புப் படகுக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது. 16 ஆம்பியர் முழுசாக வேண்டுமென்றால் 3.6 கிலோ வோல்ட் ஆம்பியர் அளவு, தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இதில் என் தொழில்காரர்களே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மர் போட்ட பிறகு ஜெட்டியில் இருக்கிற ஆர்சிசிபிக்கு (கசிவைக் கண்டதும் கரண்டை வெட்டுகிற பிரேக்கர்) படகுக்குள் நடப்பது தெரியாது, அது கேபிளை மட்டும்தான் காக்கும். ஆகவே டிரான்ஸ்பார்மருக்கு அடுத்து படகுக்குள்ளும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம். “அதான் ஐசொலேஷன் இருக்கே” என்று அதைக் கழற்றி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்சிசிபி பற்றிச் சொல்லும்போதே, கடையில் விலை குறைவாக இருக்கிறது என்று 100, 300 மில்லி ஆம்பியர் வாங்கி வராதீர்கள். அதெல்லாம் தீ பிடிக்காமல் இருக்க வைப்பது. ஆளுக்கு 30. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள், உப்புக்காற்றில் உள்ளே இருக்கிற விசை ஒட்டிக்கொள்ளும்.

வெல்டிங்குக்கு வருகிறேன். இதில்தான் படகுகள் சத்தமில்லாமல் ஓட்டையாகின்றன.

மெஷினை ஜெட்டியில் வைத்து, ஹோல்டர் கேபிளை மட்டும் படகுக்கு இழுத்துக்கொண்டு போய், ரிட்டர்ன் கிளாம்ப்பை, அதாவது கரண்ட் மெஷினுக்குத் திரும்புகிற கேபிளின் கவ்வியை, ஜெட்டி ஏணியிலேயே மாட்டிவிடுகிறார்கள். கேபிள் மிச்சம். பிறகு எப்படிப் பற்றுகிறது? பற்றும், ஏனென்றால் கரண்ட் கயிற்றுச் சங்கிலி வழியாக, பக்கத்துப் படகு வழியாக, எர்த் கம்பி வழியாக, தண்ணீர் வழியாக எப்படியாவது ஏணிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இப்போது எல்லோரிடமும் இருக்கிற இன்வெர்ட்டர் மெஷின் டிசி கொடுக்கும். டிசி இரும்பை விட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் இரும்பைக் கரைத்துக்கொண்டுதான் இறங்கும், கணக்கு சொல்கிறேன்: ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம், சுமார் ஒரு கிராம் இரும்பு. நூறு ஆம்பியரில் வெல்டு பண்ணும்போது அதில் 20 ஆம்பியர் தண்ணீர் வழியாகப் போகிறது என்று வைத்தால், ஐந்து மணி நேரத்தில் 100 கிராம். அது முழுக்க பெயின்ட் உதிர்ந்த ஒரே இடத்தில் கரைந்தால், 6 மில்லிமீட்டர் தகட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டை நாலைந்து. வேலை நடக்கிற படகுக்குத்தான் என்றில்லை, நடுவே சும்மா கட்டிக் கிடக்கிற படகின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் அந்த மறுபக்கம் போச்சு. ஓனர் ஜூன் மாதம் வந்து பார்த்து, “போன வருசம்தானே தகடு மாத்தினேன்” என்று தலையில் கை வைப்பார்.

ரிட்டர்ன் கிளாம்ப் வெல்டு பண்ணுகிற இரும்பிலேயே, பற்றவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், துருவைச் சுரண்டிய இடத்தில். கேபிள் எத்தனை மீட்டர் ஆனாலும் சரி. இதை மட்டும் சங்கம் ஒரு விதியாகப் போட்டு, மீறினால் வெல்டருக்கு இல்லை, ஓனருக்கு அபராதம் என்று எழுதினால் பாதிப் பிரச்சினை முடியும்.

அப்புறம் முங்குகிற பையன்கள். புரொப்பல்லரில் கயிறு சுற்றிவிட்டது, ஜிங்க் பார்க்க வேண்டும் என்று கடல் தொழிலாளி ஒருவரைக் கீழே இறக்குகிறோம், மேலே சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் மனித உடம்பைவிட நன்றாகக் கரண்ட் கடத்தும், அதனால் பெரும்பாலும் கரண்ட் ஆளைச் சுற்றிப் போய்விடும், இத்தனை வருடம் நாம் தப்பித்ததற்குப் பாதிக் காரணம் இந்த உப்புதான். ஆனால் அவர் கை சுக்கானையோ ஷாஃப்ட்டையோ பிடித்திருக்கும், சுற்றி எல்லாம் ஒரே வோல்ட்டேஜ் இல்லை. கடலூர், நாகப்பட்டினம் மாதிரி ஆற்று முகத்தில் இருக்கிற துறைகளில் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது மேல் தண்ணீர் நன்னீர். நன்னீரில் கணக்கு தலைகீழ், தண்ணீரைவிட ஆள் நல்ல கடத்தி.

1999-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் ஆற்றுப் படகுத்துறை ஒன்றில் 8 வயதுப் பையன் ஒருவன் தண்ணீரில் இறந்தான். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தான், முகம் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. மூழ்காமலே எப்படிச் செத்தான் என்று அவன் அப்பா விடாமல் தேடியபோதுதான் பக்கத்துப் படகு ஒன்றிலிருந்து கசிந்த கரண்ட் என்று தெரிந்தது. அந்த நாட்டின் மின் விதிப் புத்தகம் 2011-ல் படகுத்துறைகளுக்கு 100 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பைக் கொண்டுவந்து, 2017-ல் அதை 30 ஆக இறக்கியது. நம் துறைமுகத்தில் ஒரு ஆள் தண்ணீரில் இறந்தால் எழுதுவது என்னவென்று உங்களுக்கே தெரியும்: வலிப்பு, அல்லது குடி.

ஆகவே ஆள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் பிளக்கை உருவி, உருவிய பிளக்கை அணியத்தில், படகின் முன்பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, அது ஒரு கம்பியை மட்டும்தான் வெட்டும், இந்த ஜெட்டியில் பேஸும் நியூட்ரலும் எத்தனை இடத்தில் மாறிக் கிடக்கிறது என்று நான் அளந்திருக்கிறேன். பக்கத்துப் படகின் பிளக்கும் உருவப்பட வேண்டும், அதற்குச் சங்கம் சொன்னால்தான் நடக்கும், நான் போய்ச் சொன்னால் “உன் வேலையப் பாரு” என்பார்கள்.

நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய திட்டமில்லை. கம்பத்து அடிப்பெட்டியிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது? எடுக்க வேறு இடம் நீங்கள் வைக்கவில்லை. ஜெட்டியில் தூண் பெட்டிகள் வையுங்கள். மூடி போட்ட நீல நிற 16 ஆம்பியர் தொழிற்சாலை சாக்கெட், தண்ணீர் ஏறுகிற உயரத்துக்கு ஒரு மீட்டர் மேலே. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக எம்சிபியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும். ஒரு சாக்கெட் ஒரு படகு. சர்வதேச மின் விதி ஐஇசி 60364-ல் 709-ஆம் பகுதி படகுத்துறைகளுக்கென்றே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. ஏன் தனித்தனி என்றால், மொத்த ஜெட்டிக்கும் ஒரே ஆர்சிசிபி வைத்தால் ஒரு படகின் கசிவுக்கு நாற்பது படகும் இருட்டாகும். மூன்றாவது நாள் யாரோ ஒருவர் அதைச் சுற்றி ஒரு ஒயர் போட்டு ‘சரி’ பண்ணிவிடுவார். இது என் ஊகம் இல்லை, நடந்தது.

மீட்டரும் வையுங்கள். யூனிட்டுக்குக் காசு வாங்குங்கள், கொடுக்கிறோம். திருட்டுக் கரண்ட் என்கிற பெயர் எங்களுக்கும் பிடிக்கவில்லை.

எர்த் குழியைத் தடைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் மண்ணே உப்பு, எர்த் நன்றாகக் கிடைக்கும், அதே உப்பு ஜிஐ பைப்பையும் மேலேயிருந்து வருகிற பட்டையையும் தின்றுவிடும். தோண்டிப் பார்த்தால் பட்டை இருந்த இடத்தில் துரு கோடு மட்டும் இருக்கும்.

சங்கத்திடம் கேட்பது மூன்று. மில்லி ஆம்பியர் காட்டுகிற கசிவு கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள். வெல்டர் வைத்திருக்கிற சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு ஆகாது. கேபிள் முழுவதையும், மூன்று கம்பியையும் சேர்த்து, அதன் வாய்க்குள் விட்டால் காட்ட வேண்டியது பூஜ்யம். ஏதாவது காட்டினால் அவ்வளவும் கேபிளை விட்டுத் தண்ணீர் வழியாகப் போகிறது என்று அர்த்தம். ஒரு படகுக்கு ஒரு நிமிடம், பிளக்கை உருவ வேண்டாம், வேலையை நிறுத்த வேண்டாம். இரண்டாவது, தள்ளுவண்டியில் ஏற்றிய ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் நாலைந்து சங்கமே வாங்கி இரும்புப் படகுகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம். ஒன்றிலிருந்து இரண்டு படகுக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அந்த இரண்டும் மறுபடி ஒரே ஜிங்க் குடும்பம். மரப் படகுகளுக்கு கால்வானிக் ஐசொலேட்டரே போதும். மூன்றாவது, பழைய சார்ஜர்களை ஒருநாள் எல்லோரும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிளக் முனைக்கும் பேட்டரி கிளிப்புக்கும் நடுவே மீட்டரில் தொடர்பு காட்டினால் அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வகை, மெயின் கரண்டை நேராக பேட்டரிக்கு, அதன் வழியாக என்ஜினுக்கு, கொண்டுபோய்ச் சேர்க்கிற சாமான். அதை எடைக்குப் போடலாம்.

முதலில் சொன்ன ஓனருக்குப் போன மாதம் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்று போட்டு, மூன்று கம்பி கேபிளோடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். கூடவே புது ஜிங்க், எடை போட்டுக் குறித்து வைத்துத்தான் மாட்டினோம். ஜூனில் ஸ்லிப்வேயில் ஏற்றும்போது கழற்றித் திரும்ப எடை போடப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் வந்து தராசைப் பார்க்கலாம். எடை குறைந்திருந்தால் முதலில் திட்டு வாங்கப் போவது நான்தான், அவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

இப்படிக்கு,
உங்கள் ஜெட்டியில் வேலை பார்க்கிற ஒரு படகு எலெக்ட்ரீஷியன்